மைக் முன்னால் முதல் வருடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கல்லூரிகளில் அவ்வப்போது வானொலி பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். பேசி முடித்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நின்றபடி பாதி பதில் சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அந்தக் கேள்விகளை எல்லாம் சேர்த்து, சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். 1995இல் ஓர் அரசு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். பதினெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். இங்கே இருப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக் கதை. கற்றதில் முக்கால்வாசி அப்போது கற்றதுதான்.

உங்களுக்கு எந்த ஊர்? வீட்டில் யாராவது வானொலியில் இருந்தார்களா?

குடியாத்தம். நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது எங்கள் மாவட்டத்துக்கு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்த பிறகும் நாங்கள் வேலூரோடுதான் இருக்கிறோம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தார். அம்மா பீடி சுற்றினாள். வானொலியில் வேலை பார்த்தவர்கள் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கிடையாது. வானொலி கேட்காதவர்களும் ஒருவர் கிடையாது.

வானொலி மேல் எப்படி ஆசை வந்தது?

எங்கள் வீட்டில் வானொலி பொழுதுபோக்குக்காக இருந்த சாமான் இல்லை. அது வேலையோடு சேர்ந்தது.

அம்மா பீடி இலையை முந்தின இரவே தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் தகட்டு அளவை மேலே வைத்துக் கத்தரியால் ஒரே அளவாக வெட்டுவாள். பிறகு முறம் மடிக்கு வரும். ஒரு சிட்டிகைத் தூளை இலையில் பரப்பி, உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி இழுத்து அறுப்பாள். கண் இலை மேலேயே இருக்கும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் எழுந்து போய்க் கடிகாரம் பார்க்கிற நேரம்கூட நஷ்டம்தான். அப்பாவும் அப்படியே. தறிக்குழியில் கால் இறங்கிவிட்டால் மிதியும் ஊடுநூல் ஓட்டும் நாடாவும்தான் உலகம். இரண்டு பேருக்கும் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் ரேடியோ.

அதனால் எங்கள் வீட்டில் நேரத்தை நிகழ்ச்சி வைத்தே சொல்வார்கள். "நாட்டு வைத்தியம் பேசறப்ப சோறு வடிச்சேன்" என்பாள் அம்மா. காலை 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டால் நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்ன உட்கார வேண்டும் என்று அர்த்தம். அந்தக் குரல் எனக்குச் செய்தியாக வருவதற்கு முன்னால் சீப்பாக வந்தது.

ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டிய காலம் அது. 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் முழுதாக நின்றது. அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். வீட்டில் பத்திரப்படுத்த வேண்டிய காகிதங்களில் அதுவும் ஒன்று என்பது எனக்குச் சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது.

குடியாத்தத்தில் அப்போது என்னென்ன நிலையங்கள் கேட்கும்?

பகலில் சென்னை முதல் அலைவரிசை, 720 கிலோஹெர்ட்ஸ். பொழுது சாய்ந்தால் எங்கெங்கிருந்தோ நிலையங்கள் வந்து சேரும். மத்திய அலையின் சுபாவம் அது. பகலில் சூரிய வெளிச்சத்தால் வானத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று உருவாகி, மேலே போகிற மத்திய அலையை உறிஞ்சிவிடும். தரையோடு வருகிற அலை மட்டும்தான் நமக்கு. இரவில் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை இன்னும் மேலே போய் அங்கே பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும்.

அப்படித்தான் இலங்கை வானொலி எங்களுக்கு வந்தது. ரேடியோவுக்குள் அலையைப் பிடிக்கிற ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. பெட்டியைத் திருப்பினால் கரகரப்பு குறையும். அப்பா அலமாரிப் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். பெட்டியின் வலது காலை அந்தக் கோட்டில் வைத்தால் இலங்கை தெளிவாக வரும். அங்கத்து அறிவிப்பாளர்கள் பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் எல்லோரும் அந்தச் சாக்பீஸ் கோட்டில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் இவ்வளவு நிதானமாகப் பேசி ஊரையே உட்கார வைக்க முடியுமா என்று ராஜேஸ்வரி சண்முகத்தைக் கேட்டு நான் வியந்திருக்கிறேன். ஆசை எப்போது வந்தது என்று நாள் குறிக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

பண்பலை வேறு மாதிரி. அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. எங்கள் பக்கத்துக்கு அது எட்ட வெகு காலம் ஆனது.

அறிவிப்பாளர் வேலைக்கு எப்படி விண்ணப்பித்தீர்கள்?

ரேடியோவிலேயே சொன்னார்கள். 1994, நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தற்காலிக அறிவிப்பாளர்கள் தேவை" என்று ஒரு அறிவிப்பு வந்தது. முகவரியையும் கடைசித் தேதியையும் ஒரே மூச்சில் ஒரு தரம் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விட்டார்கள். என் கையெல்லாம் இலை ஈரம். பேனா எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அதே நேரத்துக்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த அறிவிப்பு வரவில்லை. நாலாம் நாள்தான் பிடித்தேன். அப்பா தறி மேடைச் சுவரில் முகவரியைக் கரியால் எழுதி வைத்தார். பிற்பாடு நான் மைக் முன்னால் உட்கார்ந்த எல்லா வருடங்களிலும், முகவரியோ தொலைபேசி எண்ணோ இரண்டு தரம் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டாம் தரம் இன்னும் மெதுவாக.

முதலில் எழுத்துத் தேர்வு. பொது அறிவு, இலக்கியம், கொஞ்சம் இசை, ஆங்கிலத்திலிருந்து ஒரு பத்தியைத் தமிழாக்க வேண்டும். அதில் தேறினால் குரல் தேர்வு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபடி வெளிச்சத்தை வைத்திருந்தார்கள். ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாக "ஆரம்பிங்கம்மா" என்று குரல் மட்டும் வரும். ஒரு செய்திப் பத்தி, ஒரு மரபுக் கவிதை, ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் கலந்த ஒரு பட்டியல், அப்புறம் அங்கேயே தலைப்புக் கொடுத்து ஒரு நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு வந்த தலைப்பு 'மழை'.

அந்த வருடம் தேர்வாகவில்லை. ஏன் என்று தபாலில் யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு வெளியே வந்தபோது அங்கிருந்த ஒரு பெரியவரிடம் தைரியமாகக் கேட்டேன். "வாக்கியத்துக்கு நடுவுல மூச்சு வாங்கறது கேக்குது, ழகரம் யகரமா விழுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி சொன்னார். அடுத்த வருடம் மறுபடி போனேன். கிடைத்தது.

வடாற்காட்டுப் பேச்சு உங்களுக்குத் தடையாக இருந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதுவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வாழைப்பழம் வாயப்பயம்தான். 'வந்துகினு', 'போய்கினு', 'இன்னா' எல்லாம் பிறந்தபோதே வந்த சொற்கள். தெருவில் தெலுங்கும் உருதும் சேர்ந்தே ஒலிக்கும். ழகரத்துக்காக ஒரு வருடம் உழைத்தேன். நாக்கின் நுனியை உள்பக்கமாக வளைத்து மேலண்ணத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அழுத்தக் கூடாது. அம்மாவுக்கு இலை வெட்டிக்கொண்டே 'கிழவி', 'கழுதை', 'உழவு', 'ஏழு' என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ழகரத்தைச் சரியாகச் சொல்வதற்கு உழைப்பது அவசியம்தான். கேட்பவருக்கு வார்த்தை மாறிவிடக் கூடாது.

ஆனால் பேச்சுவழக்கைத் துடைத்து எறிய வேண்டும் என்று நினைத்தது தப்பு. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் இலவம்பாடிப் பக்கம் ஒரு கத்திரித் தோட்டக்காரர். முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர்போன ஊர் அது, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கத்திரிக்காய். விவசாய நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு போயிருந்தேன். அதுவரை வரப்பில் நின்று சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர், மைக்கை நீட்டியதும் விறைத்துப்போய் "நாங்கள் இக்கத்திரிக்காயை விளைவிக்கின்றோம்" என்று ஆரம்பித்தார். நானும் அதுவரை அவரிடம் புத்தகத் தமிழில்தான் கேட்டிருந்தேன். டேப்பை நிறுத்தாமல், "அண்ணா, இன்னைக்கு மார்க்கெட்ல இன்னா வெல போவுது?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. இருபது நிமிடம் பேசினார். முள் குத்தாமல் காய் பறிப்பது எப்படி என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கை ரேடியோவில் தெரியாது என்று நான் நினைவுபடுத்தியதும், "ரெண்டு வெரலால காம்பப் புடிச்சி ஒரு திருப்பு" என்று வார்த்தையில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி எந்தத் தொகுப்புரையிலும் எனக்கு வந்திருக்காது.

செய்தியும் நிலைய அறிவிப்பும் பொதுத் தமிழில் இருக்கட்டும், எல்லோருக்கும் அது பொது. ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசும்போது அவர் பேச்சில் பேசுங்கள். காட்பாடிக்குப் பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவு ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு வரும்போது உச்சரிப்பு துல்லியமாக இருக்கும். அடுத்த நிமிடமே எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இறங்கி வருவார். இரண்டும் ஒரே தொண்டைதான்.

முதல் நாள் எப்படி இருந்தது?

காலை ஒலிபரப்பு. ஆறு மணிக்குச் சற்று முன்னால் தொடங்கும். ஊரிலிருந்து நிலையத்துக்கு மூன்று மணி நேரப் பயணம் என்பதால் முந்தின நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கினேன். விடியற்காலை சித்தப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

இரண்டு கனமான கதவுகள். ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் காதை யாரோ பஞ்சால் அடைத்த மாதிரி இருக்கும். வெளிச்சத்தம் ஒரு துளியும் இல்லாத இடத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எதிரே பெரிய கடிகாரம், விநாடி முள் சிவப்பு. இடது கைப் பக்கம் இசைத்தட்டு ஓட இரண்டு டர்ன்டேபிள், பின்னால் ஸ்பூல் டேப் ஓடும் இயந்திரங்கள், நடுவில் ஒலியைக் கட்டுப்படுத்தும் கன்சோல். அதன் மேல் கியூ ஷீட் என்கிற நிகழ்ச்சி நிரல், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்ன என்று வரிசையாக. ஏதாவது ஒரு டேப் அறுந்தாலோ வெளியூர் நிலையத்திலிருந்து வாங்கி அப்படியே ஒலிபரப்புகிற அஞ்சல் நின்றாலோ உடனே போடுவதற்கு ஒரு வாத்திய இசைத் தட்டை எப்போதும் பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். அதற்கு ஃபில்லர் என்று பெயர்.

முகப்பிசை ஒலித்தது. சிறு வயதிலிருந்து கேட்ட அதே வயலின். 1930களில் வால்டர் காஃப்மன் என்கிற ஐரோப்பிய இசையமைப்பாளர் அமைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் அந்த இசைக்கு அடுப்புச் சாம்பல் அள்ளுகிற நேரம் என்று பெயர். வந்தே மாதரம், அடுத்து நிலைய அறிவிப்பு. அதை நான்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. காகிதம் பிடித்த கைதான் நடுங்கியது. காகிதம் படபடப்பது மைக்கில் கேட்குமே என்று மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

7.15 செய்தி டெல்லியிலிருந்து அஞ்சல். 7.25க்கு அது முடிந்ததும் நான் பேசிவிட்டு ஒரு பாட்டுப் போட வேண்டும். தட்டில் முள்ளை வைத்துச் சரியான இடம் பார்த்து வைத்திருந்தேன். செய்தி முடிந்தது. தட்டைச் சுழல விட்டேன். ஹெட்ஃபோனில் பாட்டு அருமையாகக் கேட்டது. கண்ணை மூடிக்கூடக் கேட்டேன். ஆனால் நான் கேட்டது சோதித்துப் பார்க்கிற வழியில். வெளியே போகிற ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் கீழேயே இருந்தது. வானொலியில் சுத்தமான மௌனம். டியூட்டி ஆபீசரின் இன்டர்காம் அலறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மொத்தம் பதினேழு விநாடி. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல் பாட்டை ஏற்றிவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் பதிவேட்டில் என் கையாலேயே அந்தப் பதினேழு விநாடியை எழுதச் சொன்னார்கள். அழுகை வந்தது. மூத்த அறிவிப்பாளர் அக்கா ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "காது ஏமாத்தும்டி, முள் ஏமாத்தாது. ஃபேடர ஏத்தினதும் மீட்டரப் பாரு, முள்ளு ஆடுதான்னு பாரு" என்றார். அதற்கப்புறம் கடைசி நாள் வரைக்கும் ஒலி அளவு காட்டும் அந்த மீட்டரைப் பார்க்காமல் நான் ஒரு பாட்டும் போட்டதில்லை.

சம்பளம் எவ்வளவு?

தற்காலிக அறிவிப்பாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு பணிக்கு இவ்வளவு என்று கணக்கு. எனக்கு மாதத்துக்கு ஆறு பணிக்கு மேல் கிடைத்ததில்லை. பயணச் செலவு போகக் கையில் நின்றது கொஞ்சம்தான். மற்ற நாட்களில் ஒரு டியூஷன் சென்டரில் தமிழ் எடுத்தேன். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதோடு சேர்த்துச் செய்ய இன்னொரு வேலையை வைத்துக்கொண்டு வாருங்கள்.

நேயர் கடிதங்களில் பெயர்கள் நிறைய வருமே, எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டும். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

நேயர் விருப்பத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு. கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமம். பாட்டுப் பெயருக்குக் கீழே ஒன்பது பெயர்கள், மூன்று தலைமுறை. நேரம் நெருக்குகிறது என்று முதல் நாலைப் படித்துவிட்டு "மற்றும் குடும்பத்தார்" என்று முடித்தேன். பத்து நாள் கழித்து அதே கையெழுத்தில் இன்னொரு கார்டு வந்தது. கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. கடைசிப் பெயர் அவர்கள் வீட்டுச் சின்னப் பெண்ணுடையது, முதல் முறையாகத் தன் பெயர் ரேடியோவில் வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாளாம். "குழந்தை ரேடியோவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது" என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்குக் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்பது பெயருக்கு எட்டு விநாடி. அந்தப் பாட்டுக்கு நான் சொன்ன முன்னுரை இருபத்தைந்து விநாடி. எதை வெட்டியிருக்க வேண்டும் என்பது தெரிந்துபோயிற்று. அடுத்த வாரம் அதே பாட்டை மறுபடி போட்டு, ஒன்பது பெயரையும் கடைசியிலிருந்து முன்னால் வரிசையாகப் படித்தேன்.

உச்சரிப்பு இன்னொரு விஷயம். தமிழ் எழுத்தில் பாஷாவும் பேகமும் எப்படி ஒலிக்கும் என்பது எழுதியதைப் பார்த்துத் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துக் கடிதங்கள் வந்தால் அங்கே பழகியவர்களைக் கேட்டுக்கொண்டுதான் படிப்பேன். பரதராமி, லத்தேரி, ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டு என்று எங்கள் பக்கத்துப் பெயர்கள் எனக்குப் பழக்கம். வேறு மாவட்டத்துப் பெயர்களுக்கு, அந்த ஊர்க்காரர் யாராவது கேன்டீனில் இருக்கிறாரா என்று தேடிப் போவேன். ஒருவருக்குத் தன் பெயரைவிடவும் தன் ஊர்ப் பெயரைவிடவும் நன்றாகத் தெரிந்த சொல் வேறு கிடையாது. அதில் தவறினால் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

கேட்பவரை எப்படி மனதில் வைத்துக்கொண்டு பேசுவது?

கை வேலையாய் இருக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் நான் எல்லாக் கல்லூரியிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பீடி முறம், தறி, மாவாட்டுவது, தையல் மெஷின், லாரி ஸ்டியரிங், மாட்டு மடி. இவர்களுக்குக் கை ஓயாது, கண்ணையும் எடுக்க முடியாது. அதனால் பேச்சின் அமைப்பே மாறும். வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். மறுபடி மேலே போய்ப் படிக்க அவர்களால் முடியாது. முக்கியமான சொல் வாக்கியத்தின் முதலிலேயே வந்தால், நாடா தட்டுகிற சத்தத்தில் அது அமுங்கிப் போகும். ஒரு சாதாரணச் சொல்லைச் சொல்லிக் காதை இழுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். பாட்டின் பெயரை முன்னால் சொன்னது போலப் பின்னாலும் சொல்லுங்கள், நடுவில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. "நான் முன்பு சொன்னது போல" என்று சொல்லாதீர்கள். முன்பு அவர் இல்லை. முக்கியமாக, நேரம் சொல்லுங்கள். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறதே என்பார்கள். மாவுக் கையால் யார் கைபேசியைத் தொடுவார்கள்?

தொண்டையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். ஷிஃப்டுக்கு முன்னால் எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வேண்டாம், தொண்டையில் ஒட்டின மாதிரி இருக்கும். வேலூர் வெயிலில் வந்து உடனே ஏசி அறைக்குள் போனால் தொண்டை வறண்டுவிடும். பத்து நிமிடம் முன்னாடியே போய் உட்காருங்கள். கற்கண்டு, மிளகு எல்லாம் அவரவர் நம்பிக்கை.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, முதலில் வாய்க்குள் படியுங்கள். மூச்சு எங்கே வாங்குவது என்று பென்சிலால் சாய்வுக்கோடு போடுங்கள். பிறகு கைபேசியில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். மறுநாள் பாத்திரம் துலக்கும்போதோ துணி மடிக்கும்போதோ போட்டுக் கேளுங்கள். வேலையின் நடுவே எந்த வார்த்தை காதில் விழவில்லையோ அதைத்தான் நீங்கள் சரியாகச் சொல்லவில்லை. பகரம் வெடித்து மைக்கில் 'டப்' என்று விழுகிறதா என்று பார்க்க, உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து 'பப்பாளி' என்று சொல்லுங்கள். கையில் காற்று அடித்தால் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பேசப் பழகுங்கள்.

தனியார் பண்பலையில் ஆர்.ஜே. ஆவது நல்லதா, அரசு வானொலியா?

இரண்டும் தொழில்தான். ஆர்.ஜே.க்கு வேகமும் உடனுக்குடன் பேசுகிற சாமர்த்தியமும் வேண்டும். அரசு நிலையத்தில் காலையில் பக்திப் பாட்டு, பதினொரு மணிக்கு மகளிர் நிகழ்ச்சி, மாலையில் உழவர் நிகழ்ச்சி என்று பல குரலாக மாறத் தெரிய வேண்டும். தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு 'வாணி' என்று ஒரு பயிற்சிச் சான்றிதழ் உண்டு. எங்கே போனாலும் முதல் வருடம் பதிவுகளைச் சேமித்து வையுங்கள். எனக்கு என் முதல் வருடத்துக் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆரம்பிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தருவதாக மத்திய அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டிலேயே முதல் வளாக வானொலி அதுதான். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் வழி திறந்தார்கள். பொதுவாக 100 வாட் சக்தி, 30 மீட்டருக்கு மேற்படாத ஆன்டெனா, ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம்.

பத்து கிலோமீட்டர் போதாதே என்று மாணவர்கள் முகம் வாடுகிறார்கள். நமது பகுதியில் நடுவில் ஒரு மலை வந்தால் அதுவும் குறையும். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் பீடி சுற்றுகிறார்கள், எத்தனை தறி ஓடுகிறது, எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்பதைச் சென்னையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று குடியாத்தத்தில் எந்த வழி அடைப்பு, எந்த வழியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உள்ளூர் நிலையம் ஒன்று மணிக்கு ஒரு தரம் சொன்னால் எவ்வளவு பேருக்கு உதவும்!

இப்போது யார் வானொலி கேட்கிறார்கள்?

போன மாதம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ரேடியோ ஓடியது. ஆற்றிக்கொண்டிருந்தவர் பாட்டோடு முணுமுணுத்தார். எங்கள் தெருத் தையற்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு வரை ஓடுகிறது. என் மகன் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் வெளியூர் நிலையங்களைக் கேட்கிறான். சாக்பீஸ் கோடு அவனுக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் குரலை முதலில் ரேடியோவில் கேட்டதும் வீட்டில் என்ன சொன்னார்கள்?

முதல் ஷிஃப்ட் முடிந்து மறுநாள் மாலை ஊருக்குப் போனேன். அப்பா தறியை நிறுத்திவிட்டுத் தெருக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறார். அந்தப் பதினேழு விநாடி மௌனத்தில், பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்து, பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாராம். திரும்பப் போட்டபோது பாட்டு ஓடியதால், தான் சரி செய்துவிட்டதாகவே நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. பக்கத்து வீட்டு அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள். ராத்திரி இலையை நனைக்க உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏழே காலு நியூஸ் முடிஞ்சதும் மணி சொல்லலியே நீ" என்றாள்.

"மறந்துட்டேம்மா."

"நீ சொல்லுவன்னு ஒக்காந்துகினு இருந்தேன். கொழாயில தண்ணி நின்னுபோச்சி."

"இனிமே சொல்றேன்."

"சொல்லு" என்றுவிட்டு, நனைந்த இலையைத் துணியில் வைத்துச் சுற்ற ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.